போன் மென்பொருளில் கம்பெனியின் கைவரிசை: எதை வைத்துக்கொள்வது, எதை அணைப்பது

பர்மாவின் மோல்மீனிலிருந்து அண்ணன் பர்மிய மொழியில் ஒரு வரி அனுப்புகிறார். ரங்கூனில் தங்கையின் போனில் அது வளையமும் கொக்கியுமாகக் கலைந்து கிடக்கிறது. அதே போனில் பாட்டிக்கு வந்த தமிழ்ச் செய்தி மட்டும் சுத்தமாகத் தெரிகிறது. போன் பழுதில்லை, நெட்டும் குறைவில்லை. போனைச் செய்த கம்பெனி எழுத்து வடிவத்தில் கைவைத்ததன் விளைவு இது.

கடையில் வாங்கும் ஆண்ட்ராய்டு போனில் மூன்று பேர் கை பட்டிருக்கும். அடியில் கூகுளின் ஆண்ட்ராய்டு. அதன்மேல் கம்பெனியின் பூச்சு: சாம்சங்குக்கு ஒன் யுஐ, ஷாவ்மிக்கு 2010 முதல் மியுஐ, 2023 கடைசியிலிருந்து ஹைப்பர் ஓஎஸ், ஒப்போவுக்குக் கலர் ஓஎஸ், விவோவுக்கு ஃபன்டச் ஓஎஸ், 2025 கடைசியிலிருந்து ஒரிஜின் ஓஎஸ், ஹுவாவேக்கு ஈஎம்யுஐ. கடைசியாக, விற்றவர் ஏற்றிவிட்ட ஆப்களும் அவர் திறந்து கொடுத்த அக்கவுண்டும்.

கம்பெனி இப்படி மாற்றலாமா கூடாதா என்று கேட்டால், எந்த இடத்தில் மாற்றுகிறது என்பதைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். கேமரா, வேக சார்ஜிங், கைரேகை எல்லாம் அவர்கள் பொருத்திய பாகங்கள். அவற்றுக்கு அவர்கள்தான் மென்பொருள் எழுத வேண்டும். கூகுளின் வெறும் ஆண்ட்ராய்டை ஏற்றினால் அதே லென்ஸ் மங்கலான படம் எடுப்பதும் உண்டு. ஒரே திரையில் இரண்டு ஆப் பார்க்கும் வசதியை சாம்சங் 2012-லேயே நோட் 2-இல் கொடுத்தது. ஆண்ட்ராய்டுக்குள் அது 2016-இல், ஏழாம் பதிப்பில்தான் வந்தது. நீளமான பக்கத்தை ஒரே ஸ்கிரீன்ஷாட்டாக எடுப்பதும் கம்பெனிகள் முதலில் செய்ததுதான். ஆண்ட்ராய்டில் 2021 வரை அது இல்லை. செய்தி அனுப்பும் வைபர் ஆப்பை இரண்டு சிம்முக்கு இரண்டாக வைத்துக்கொள்ளும் வசதியும் கம்பெனி கொடுத்ததே. இதையெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் அடுத்தவரோடு பேசும் வழியில் கைவைக்கும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. எழுத்து, செய்தி வந்ததைச் சொல்லும் நோட்டிஃபிகேஷன், பாதுகாப்பு அப்டேட் ஆகிய மூன்றையும் தொட்டால் நஷ்டம் நமக்கு. கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றையும் சரிசெய்யும் வேலைதான்.

காசு கொடுக்கும் முன்

முதலில் *#06# அழுத்துங்கள். போனின் அடையாளமாக வரும் ஐஎம்இஐ எண்ணும் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு சிம் போனில் இரண்டு எண் வரும், இரண்டையும் ஒப்பிடுங்கள்.

அடுத்து, இது எந்த ஊருக்கென்று செய்த மென்பொருள் என்று பார்க்க வேண்டும். சீன எல்லை வழியாக வரும் போன்கள் இங்கே நிறைய. சீனாவுக்கென்று செய்தவற்றின் செட்டிங்ஸில் மொழிப் பட்டியல் சின்னதாக இருக்கும். சீனமும் ஆங்கிலமும் இருக்கும், தமிழும் பர்மியமும் இருக்காது. கடைக்காரர் "குளோபல் போட்டுட்டேன்" என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஷாவ்மி போனில் செட்டிங்ஸ், அபவுட் போன் போய், மென்பொருள் பதிப்பு என்ற வரியைப் பாருங்கள். எண்களுக்குப் பிறகு ஏழு ஆங்கில எழுத்துகள் வரும். முதல் எழுத்து ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிக்கும், அடுத்த இரண்டும் போனின் மாடல். நான்காவதும் ஐந்தாவதும்தான் நமக்கு வேண்டியவை. 'எம்ஐ' என்றால் உலகப் பொது, 'சிஎன்' என்றால் சீனா, 'ஐஎன்' என்றால் இந்தியா.

சீனாவுக்குச் செய்த போனில் உலகப் பொது மென்பொருளை ஏற்றி விற்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. போன் ஆன் ஆகும்போது மென்பொருளை ஏற்றும் பூட்லோடரின் பூட்டைத் திறந்துதான் அதை ஏற்ற முடியும். போன் ஆன் ஆகும்போது திரையின் ஓரத்தில் திறந்த பூட்டுப் படம் வந்தால் பூட்டு இன்னும் திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம். பேங்க் ஆப்கள் அந்தப் போனை ஏற்காமல் போகலாம். பூட்டைத் திரும்பப் பூட்டினால் இன்னும் மோசம்: 'இந்தப் பதிப்பை இந்தச் சாதனத்தில் நிறுவ முடியாது' என்ற வரியோடு ரெக்கவரி திரையிலேயே நின்றுவிடும். பாதி விலைக்குக் கிடைத்தாலும் பாட்டிக்கு அப்படி ஒரு போன் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, கூகுள் அக்கவுண்ட். போன் வாங்கும்போது கடையிலேயே ஜிமெயிலும் பேஸ்புக்கும் திறந்து கொடுப்பது இங்கே சாதாரணம். வாங்குபவருக்குக் கடவுச்சொல் தெரியாது, அதில் கொடுத்திருக்கும் நம்பர்கூட அவருடையதாக இருக்காது. ஆறு மாதம் கழித்து திரைப்பூட்டை மறந்துபோய், பட்டனை அழுத்திப் பிடித்து ஃபேக்டரி ரீசெட் செய்கிறார். போன் திரும்ப வந்ததும் 'முன்பு இருந்த கூகுள் அக்கவுண்டைக் கொடு' என்று கேட்கிறது. 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1 முதல் இருக்கும் திருட்டுத் தடுப்பு இது. திருடனைத் தடுக்க வைத்த பூட்டு சொந்தக்காரரையே வெளியில் நிறுத்திவிடும். அதனால் கடையில் திறந்த அக்கவுண்ட் இருந்தால் அன்றைக்கே செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ் போய் அதை நீக்கிவிட்டு, உங்கள் நம்பரில் புதிதாக ஒன்று திறந்து, கடவுச்சொல்லை வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள். ரீசெட் செய்ய வேண்டுமானால் செட்டிங்ஸுக்குள் போய்ச் செய்யுங்கள், பட்டன் வழி வேண்டாம்.

பர்மிய எழுத்து: ஸோஜியா, யூனிகோடா

கம்பெனி எழுத்தில் கைவைத்தால் ஒரு நாடே எத்தனை வருஷம் அவதிப்படும் என்பதற்கு ஸோஜி என்ற பர்மிய எழுத்துருவை விடப் பெரிய சாட்சி கிடையாது. பழைய போன் ஒன்றாவது பெரும்பாலான வீடுகளில் கிடப்பதால், இந்த வேலை இன்னும் முடியவில்லை.

நடந்தது இதுதான். 2014-இல் ஊரீடூ, டெலிநார் என்ற வெளிநாட்டு சிம் கம்பெனிகள் வந்து 1,500 கியாட்டுக்கு சிம் கிடைத்ததும் போன் ஊரெங்கும் பரவியது. மக்கள் கம்ப்யூட்டரில் பழகியிருந்த பர்மிய எழுத்துரு ஸோஜி. எல்லா மொழி எழுத்துக்கும் எண் ஒதுக்கும் உலகப் பொது முறையான யூனிகோடு 2008-இலேயே 5.1 பதிப்பில் பர்மிய எழுத்துக்கு ஒழுங்கான முறை வகுத்திருந்தும் பழக்கம் மாறவில்லை. கடைகளில் போனை ரூட் செய்து, அதாவது கம்பெனி போட்ட பூட்டை மீறி சிஸ்டத்துக்குள் போய், ஸோஜி ஏற்றிக் கொடுத்தார்கள். வாடிக்கையாளர் கேட்பதைக் கொடுப்போம் என்று கம்பெனிகளும் தொழிற்சாலையிலேயே ஸோஜியை வைத்து அனுப்பின. அன்றைக்கு அது உதவியாகத்தான் தோன்றியிருக்கும். ஸோஜி தனக்கென்று வேறு எண்களை எடுத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. யூனிகோடு வைத்திருந்த அதே எண்களை எடுத்து வேறு எழுத்துகளுக்குக் கொடுத்தது. அதனால் ஒரு வரி எந்த முறையில் எழுதியது என்று போனுக்குத் தெரிய வழியில்லை.

'மியன்மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்தான மகரத்தைச் சுற்றி வில் போல ஒரு ரகரக் குறி வளைய வேண்டும். யூனிகோடில் அந்தக் குறியின் எண் 103சி. ஸோஜியில் 103சி என்பது எழுத்துக்குக் கீழே தொங்கும் வகரக் குறி. அடுத்து வரும் நகரத்தின் தலையில் நம் புள்ளி மாதிரி ஒரு கொடி வேண்டும், அதன் எண் 103ஏ. ஸோஜியில் அதே எண் வலப்பக்கம் வளையும் யகரக் குறி. ஏறக்குறைய ஒரு வீடு தள்ளிக் கதவைத் தட்டுகிற கதை. யூனிகோடு போனிலிருந்து 'மியன்மா' என்று அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் போனில் மகரத்தைச் சுற்றிய வில் காணாமல் போய், கீழே ஒரு சின்னக் குறி தொங்கினால் உங்களுடையது ஸோஜி. இந்தச் சோதனையை எஸ்எம்எஸ்ஸில் செய்யுங்கள். பேஸ்புக்கில் செய்யாதீர்கள், அது தானே மாற்றிக் காட்டிவிடும், எல்லாம் சரியாக இருப்பது போல் தோன்றும்.

தமிழில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிப் பழகியவர்களுக்கு இன்னொரு வித்தியாசம் உடனே புரியும். பாமினியில் 'கெ' எழுத முதலில் கொம்பைத் தட்டி, பிறகு ககரத்தைத் தட்டுவோம். யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பிறகு. கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் உள்ளே பின்னால்தான் இருக்கும். பர்மிய ஏகாரக் குறிக்கும் அதே கதைதான்: ஸோஜி கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் வைக்கிறது, யூனிகோடு உச்சரிக்கிற வரிசையில் வைக்கிறது. அதனால் தேடும்போதும் அகரவரிசையில் அடுக்கும்போதும் ஸோஜி வழுக்கிவிடும். மோல்மீன் பக்கத்தவர்களுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. மொன், கரேன், ஷான் எழுத்துகளுக்கு யூனிகோடு ஒதுக்கிய எண்களையும் ஸோஜி பர்மியத் துணைவடிவங்களுக்கு எடுத்துக்கொண்டது. அந்தப் போனில் மொன் மொழியை ஒழுங்காகப் படிக்க முடியாது.

2019 அக்டோபர் 1 அன்று நாடு யூனிகோடுக்கு மாறுவதென்று முடிவாகி, அரசு அலுவலகங்களும் கம்பெனிகளும் மாறின. இன்று வாங்கும் புதுப் போனில் யூனிகோடுதான். பழைய போனை மாற்றும்போது இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் காண்டாக்ட்ஸ். ஸோஜியில் சேமித்த பெயரை யூனிகோடில் தேடினால் கிடைக்காது. அதனால் எழுத்தை மாற்றுவதற்கு முன்பே காண்டாக்ட்ஸ் ஆப்பில் எக்ஸ்போர்ட் கொடுத்து, விசிஎஃப் ஃபைலாகச் சேமித்து, ஒரு நகலை மெமரி கார்டிலோ கம்ப்யூட்டரிலோ வையுங்கள். கூகுள் சிங்க்கை நிறுத்துங்கள். இல்லையென்றால் பழைய பெயரும் புதுப் பெயருமாக ஒவ்வொருவரும் இரண்டிரண்டாக வந்து நிற்பார்கள். பிறகு ஸோஜியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் அந்த ஃபைலை மாற்றுங்கள். இரண்டு இடத்தில் தவறு வரும். மாற்றியதையே திரும்ப மாற்றினால் எழுத்து மீட்க முடியாதபடி கெட்டுவிடும். அதற்காகத்தான் நகல். இன்னொன்று, இந்தக் கருவிகள் ஸோஜியா யூனிகோடா என்பதை ஊகித்துத்தான் சொல்கின்றன. நீளமான வரியில் ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். இரண்டு மூன்று எழுத்துப் பெயரில் துப்பு போதாது. அதனால் மாற்றிய பிறகு குட்டைப் பெயர்களை மட்டும் ஒரு முறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ சேமித்த பெயர்களுக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்து எழுத்துரு. செட்டிங்ஸ் மொழிப் பட்டியலில் பர்மிய மொழி இரண்டு வரியாக, ஸோஜி என்றும் யூனிகோடு என்றும் இருந்தால் யூனிகோடைத் தேர்ந்தெடுங்கள். சில போன்களில் அது டிஸ்ப்ளே, ஃபான்ட் என்ற இடத்தில் இருக்கும். ஷாவ்மியில் தீம் வழியாக ஸோஜி ஏற்றியிருந்தால் தீம்ஸ் ஆப்பில் இயல்பான எழுத்துருவுக்குத் திரும்பி, போனை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரூட் செய்து ஏற்றியதென்றால் ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போகாது, ஏனென்றால் அது சிஸ்டம் பகுதிக்குள் இருக்கிறது. கம்பெனி மென்பொருளை முழுதாக மறுபடி ஏற்ற வேண்டும். அந்த வயதுப் போனுக்கு அவ்வளவு செலவு செய்வது வீண்.

கடைசியில் விசைப்பலகை. கூகுளின் ஜிபோர்டில் பர்மியத்தைச் சேர்த்தால் யூனிகோடுதான் வரும். பகான் விசைப்பலகை வைத்திருப்பவர்கள் அதன் செட்டிங்ஸில் யூனிகோடு இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றிய பிறகும் குழப்பம் வந்தால் இப்படிப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் தட்டுவதே உங்கள் திரையில் சிதறினால் எழுத்துருவும் விசைப்பலகையும் வேறு வேறு முறையில் இருக்கின்றன. நீங்கள் தட்டுவது சரி, ஊரில் எல்லோருடையதும் சிதறுகிறது என்றால் உங்கள் போன் முழுவதும் இன்னும் ஸோஜி. ஒரே ஒரு மாமாவுடையது மட்டும் சிதறினால் மாற வேண்டியவர் மாமா.

தமிழை உள்ளே கொண்டுவருவது

தமிழில் இந்தச் சண்டை இல்லை. பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்து முறைகள் கம்ப்யூட்டரோடு நின்றுவிட்டன, போனில் யூனிகோடு மட்டுமே வந்தது. எந்தப் போனிலிருந்து எந்தப் போனுக்கு அனுப்பினாலும் தமிழ் தமிழாகவே போய்ச் சேரும்.

ஆண்ட்ராய்டு 7 முதல் மொழிகளை வரிசையாக அடுக்கலாம். செட்டிங்ஸ், மொழி போய் தமிழை முதலிலும் பர்மியத்தை இரண்டாவதாகவும் ஆங்கிலத்தை மூன்றாவதாகவும் வைத்தால், தமிழ் உள்ள ஆப் தமிழில் வரும், இல்லாதது பர்மியத்துக்குப் போகும், அதுவும் இல்லையென்றால் ஆங்கிலம். தமிழைத் தொட்டதும் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாடு கேட்கும். பர்மா அதில் இல்லை. எதை எடுத்தாலும் எழுத்து ஒன்றுதான், தேதியும் மணியும் காட்டும் விதத்தில்தான் வேறுபாடு. ஷாவ்மியில் தனியாக ரீஜியன் என்று ஒன்று இருக்கும், அதை மியன்மாராகவே விட்டுவிடுங்கள். நேரம் அரை மணி முன்னே பின்னே காட்டினால் தானியங்கி நேரத்தை அணைத்து யாங்கோன், ஜிஎம்டி +6:30 என்று கையால் வையுங்கள்.

பேரப்பிள்ளைகள் சேர்ந்து பயன்படுத்தும் போனில் போன் முழுவதையும் தமிழாக்க வேண்டியதில்லை. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு ஆப்புக்கும் தனி மொழி வைக்கலாம், ஆப் அதற்கு இடம் கொடுத்திருந்தால். பாட்டி திறக்கும் ஆப் மட்டும் தமிழில் இருந்தால் போதும். எல்லாவற்றையும் தமிழாக்கினால் கம்பெனி வரைந்த குறுகிய பட்டன்களுக்குள் தமிழ்ச் சொல் அடங்காமல் 'அமைப்பு…' என்று பாதியில் வெட்டுப்படும். எழுத்தளவை ஒரு படி குறைத்தால் கொஞ்சம் சரியாகும், ஆனால் பாட்டிக்குக் கண் தெரியாது. கம்பெனி தமிழை மொழிபெயர்த்ததே தவிர, அதற்கு இடம் விட்டு வரையவில்லை.

தட்டுவதற்கு ஜிபோர்டு போதும். தமிழ்99 பழகியவர்கள் செல்லினம் போட்டுக்கொள்ளலாம். கையெழுத்து மட்டுமே தெரிந்த பெரியவர்களுக்கு ஜிபோர்டில் தமிழைச் சேர்க்கும்போது கையெழுத்து முறையைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள், விரலால் 'அ' எழுதினால் 'அ' வரும். பள்ளியில் தமிழ் படிக்காமல் பேச மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்குக் குரலால் தட்டும் மைக் பட்டன் கைகொடுக்கும்.

செய்தி வந்தது, போன் சொல்லவில்லை

'வைபரைத் திறந்தால்தான் செய்தி வருகிறது' என்ற குறைக்குக் காரணம் பெரும்பாலும் நெட் இல்லை. பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது என்று விளம்பரம் செய்ய, கம்பெனி பின்னணியில் ஓடும் ஆப்களைக் கொல்கிறது. ஆண்ட்ராய்டு 6 முதல் கூகுளும் ஆப்களைத் தூங்க வைக்கிறது, ஆனால் செய்தி வந்தால் தட்டி எழுப்பும். கம்பெனியின் கத்தி அதைவிடக் கூர்மை: ஆப்பை 'முழுதாக நிறுத்தியது' என்ற நிலைக்குத் தள்ளிவிடும். அந்த நிலையில் கூகுள் வழி வரும் தட்டல்கூட ஆப்புக்குப் போய்ச் சேராது. நீங்களே கையால் திறக்கும்வரை அது பிணம்தான்.

ஷாவ்மியில் மூன்று இடத்தில் மாற்ற வேண்டும். செட்டிங்ஸ், ஆப்ஸ் போய் வைபரைத் திறந்து, ஆட்டோஸ்டார்ட்டை ஆன் செய்யுங்கள். அதே பக்கத்தில் பேட்டரி சேவரை 'நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' ஆக்குங்கள். பிறகு அண்மை ஆப் திரையில் வைபர் அட்டையை அழுத்திப் பிடித்து பூட்டுப் படத்தைத் தொடுங்கள். இரண்டைச் செய்து ஒன்றை விட்டால் ஒரு நாள் வேலை செய்யும், அடுத்த நாள் நின்றுவிடும்.

சாம்சங்கில் செட்டிங்ஸ், பேட்டரி, பேக்ரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ். அங்கே 'நெவர் ஸ்லீப்பிங்' பட்டியலில் வைபர், மெசஞ்சர், பணம் அனுப்பும் கேபிஇசட் பே, வேவ் ஆகியவற்றைச் சேருங்கள். 'டீப் ஸ்லீப்பிங்' பட்டியலையும் திறந்து பாருங்கள், பல நாள் தொடாத ஆப் சொல்லாமல் அதற்குள் போய் விழுந்திருக்கும். ஹுவாவேயில் ஆப் லான்ச் என்ற இடத்தில் தானியங்கியை அணைத்தால் மூன்று சுவிட்ச் வரும், மூன்றையும் ஆன் செய்யுங்கள். ஒப்போ, ரியல்மீ, விவோவில் பெயர் மாறும், விஷயம் இரண்டுதான்: தானாகத் தொடங்க அனுமதி, பின்னணியில் ஓட அனுமதி.

நம் ஊரில் இதோடு இன்னொன்றும் சேரும். கரண்ட் போனதும் வைஃபை ரூட்டர் அணைந்து போன் மொபைல் டேட்டாவுக்குத் தாவுகிறது. டேட்டாவை மிச்சம் பிடிக்க டேட்டா சேவர் போட்டிருந்தால் பின்னணி ஆப்களுக்கு மொபைல் டேட்டா கிடைக்காது. கரண்ட் இருக்கும்போது நன்றாக வந்த செய்திகள் கரண்ட் போனதும் நின்றுவிடும், பழி சிம் கம்பெனி மேல் விழும். டேட்டா சேவரில் 'தடையில்லா டேட்டா' பட்டியல் இருக்கும், அதிலும் வைபரைச் சேருங்கள். கரண்ட் இல்லாத நேரம் அல்ட்ரா பவர் சேவிங் போட்டால் மேலே சொன்ன எந்த அமைப்பும் வேலை செய்யாது. அதற்குப் பதில் திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். பேட்டரியை அதிகம் தின்பது திரைதான்.

சரியாகிவிட்டதா என்று ஐந்து நிமிஷத்தில் சோதிக்காதீர்கள், கொல்வதற்கே நேரம் எடுக்கும். போனைப் பூட்டி, சார்ஜரிலிருந்து எடுத்து, ஒரு மணி நேரம் தொடாமல் வைத்துவிட்டு யாரையாவது செய்தி அனுப்பச் சொல்லுங்கள். பெரிய அப்டேட் வந்த பிறகு இந்த அமைப்புகள் சில நேரம் பழையபடி திரும்பிவிடும், மறுபடி பாருங்கள்.

எல்லா ஆப்புக்கும் விலக்குக் கொடுக்காதீர்கள். பேசும் ஆப் இரண்டு, பணம் அனுப்பும் ஆப் ஒன்றிரண்டு, அலாரம். மற்றவற்றைக் கம்பெனி கொன்றால் கொல்லட்டும், அதில் நமக்கு லாபம்தான்.

விளம்பரமும் வேண்டாத ஆப்களும்

விலை குறைந்த போனில் விளம்பரம் ஏன் வருகிறது? ஷாவ்மி 2018-இல் வெளிப்படையாகவே சொன்னது: பொருளில் நிகர லாபம் ஐந்து சதவீதத்துக்கு மேல் எடுக்க மாட்டோம் என்று. மீதி சேவைகளிலும் விளம்பரத்திலும் வர வேண்டும். போனுக்குக் கொடுக்காத பணத்தைக் கண்ணால் கொடுக்கிறோம். அது நியாயமா என்று கேட்டால், அணைக்க வழி இருக்கும்வரை நியாயம் என்போம். வழியை ஏழு கதவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பதுதான் குற்றம்.

ஷாவ்மியில் பாஸ்வேர்ட்ஸ் அண்ட் செக்யூரிட்டி, ஆத்தரைசேஷன் அண்ட் ரிவொகேஷன் போய் விளம்பரம் காட்டும் 'எம்எஸ்ஏ' என்பதை அணையுங்கள். பத்து விநாடி காத்திருக்கச் சொல்லும். முதல் தடவை 'முடியவில்லை' என்று வந்தாலும் விடாதீர்கள், நெட் இணைப்போடு மூன்று நான்கு முறை முயன்றால் அணையும். நெட் இல்லாமல் அணையாது. பிறகு ஃபைல் மேனேஜர், செக்யூரிட்டி, தீம்ஸ், டவுன்லோட்ஸ் ஒவ்வொன்றின் செட்டிங்ஸிலும் 'ரெக்கமண்டேஷன்ஸ்' என்ற சுவிட்சைத் தேடி அணைக்க வேண்டும். பூட்டுத் திரையில் தினம் ஒரு படம் மாறினால் வால்பேப்பர் கரௌசலையும் அணையுங்கள், அது டேட்டாவையும் தின்னும்.

கூடவே வந்த ஆப்களில் அன்இன்ஸ்டால் பட்டன் உள்ளவற்றை எடுத்துவிடுங்கள். இல்லாதவற்றை டிசேபிள் செய்யுங்கள். டிசேபிள் செய்தால் இடம் நிறைய மிஞ்சும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த ஆப் படிக்க மட்டுமே முடிகிற சிஸ்டம் பகுதியில் இருக்கிறது, மிஞ்சுவது அதன் அப்டேட்டும் தரவும் பிடித்த இடம்தான். ஆனால் பின்னணி ஓட்டமும் நோட்டிஃபிகேஷனும் நிற்கும், 3 ஜிபி, 4 ஜிபி ரேம் போனுக்கு அதுவே பெரிது.

இன்னும் ஆழமாகப் போக விரும்புகிறவர்கள் அபவுட் போனில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, யுஎஸ்பி டிபக்கிங் போட்டு, கம்ப்யூட்டரிலிருந்து ஏடிபி என்ற கருவி மூலம் எடுக்கலாம். அதுவும் அந்தப் பயனருக்கு மறைப்பதுதான். ஃபேக்டரி ரீசெட் செய்தால் எல்லாம் திரும்பி வரும், அந்தத் தைரியத்தில்தான் இதைச் செய்யலாம் என்கிறோம். ஷாவ்மியில் செக்யூரிட்டி ஆப்பையும் தொலைந்த போனைக் கண்டுபிடிக்கும் ஆப்பையும் தொடாதீர்கள். அவை இல்லாமல் போன் லோகோவிலேயே சுற்றிக்கொண்டு நிற்கும். ஒரு நாளைக்கு ஐந்து ஆப்புக்கு மேல் எடுக்காதீர்கள், ஏதாவது கெட்டால் எது காரணம் என்று தெரிய வேண்டும். வேலை முடிந்ததும் யுஎஸ்பி டிபக்கிங்கை அணைத்துவிடுங்கள்.

கம்பெனி மென்பொருளையே கழற்றிவிட்டு லீனியேஜ் என்ற வேறு ஆண்ட்ராய்டை ஏற்றுவது பற்றிக் கேட்பவர்கள் உண்டு. விளையாட ஒரு பழைய போன் இருந்தால் செய்யுங்கள். சம்பளம் வரும் போனில் வேண்டாம்: பூட்லோடர் திறந்ததும் பணம் அனுப்பும் ஆப் மறுக்கலாம், கேமராவின் தரமும் இறங்கலாம்.

அப்டேட்

கூகுள் 2015 ஆகஸ்டில் மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் வெளியிடத் தொடங்கியது. அது கம்பெனிக்கு வந்து, அவர்கள் பூச்சோடு பொருத்தி, சோதித்து, பிறகுதான் நமக்கு வரும். பூச்சு தடிமனாக இருந்தால், மாடல்கள் அதிகமாக இருந்தால், தாமதமும் அதிகம். 2017-இல் ஆண்ட்ராய்டு 8-இல் வந்த ட்ரெபிள் ஏற்பாடு அடித்தளத்தையும் சிப் சார்ந்த பகுதியையும் பிரித்து வேலையைக் குறைத்தது. 2019-இல் ஆண்ட்ராய்டு 10 முதல் சில பாகங்களைக் கூகுளே பிளே வழியாக நேராக அனுப்புகிறது. செட்டிங்ஸில் 'கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்' என்று தனியாக ஒரு வரி இருக்கும். கம்பெனி கைவிட்ட போனிலும் அதைத் தொட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது கேட்க வேண்டியது 'எத்தனை மெகாபிக்சல்' என்பதோடு 'எத்தனை வருஷம் அப்டேட்' என்பதும். 2024 ஜனவரியில் வந்த சாம்சங் எஸ்24-க்கு ஏழு வருஷம் என்று அறிவித்தார்கள். வருஷத்தை மாடல் வெளிவந்த தேதியிலிருந்து எண்ணுங்கள், நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து அல்ல. இரண்டு வருஷம் கடையில் தூங்கிய போனுக்கு இரண்டு வருஷம் போய்விட்டது. கடையிலேயே அபவுட் போனில் 'செக்யூரிட்டி பேட்ச்' தேதியைப் பாருங்கள், ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் அங்கேயே வைஃபை கேட்டு அப்டேட் தேடச் சொல்லுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் அடுத்த போனைக் காட்டச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே கையில் இருக்கும் போன் அப்டேட் நின்றுபோனதாக இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். பணம் அனுப்பும் ஆப்களை வேறு போனுக்கு மாற்றிவிட்டு, இதை வீட்டில் பாட்டு கேட்கவும் ஊரிலிருந்து வரும் வீடியோ கால் எடுக்கவும் வையுங்கள். அப்டேட் ஏற்றும் நாளில் மட்டும் பேட்டரி 50 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும், கரண்ட் நேரம் தொடங்கியதும் ஆரம்பியுங்கள். டவுன்லோட் பாதியில் நின்றால் தொடர்ந்துகொள்ளும், இன்ஸ்டால் பாதியில் பேட்டரி செத்தால் சர்வீஸ் சென்டருக்கு நடக்க வேண்டிவரலாம்.